ஊறுகாய்க்குக் கீழே ஒரு விளம்பரம்

வசந்தா வாக்குக் கொடுத்ததுதான் வினை. கொடுத்தபோது அது என்ன வாக்கு என்று அவளுக்கே தெரியாது.

போன வாரம் பறவை பார்க்கப் பழவேற்காடு வந்த நிவேதா என்ற சென்னைக்காரப் பெண், லைட்ஹவுஸ் குப்பத்தில் வசந்தாவின் வாசலில் நின்று இறால் ஊறுகாயை உள்ளங்கையில் வாங்கி நக்கிவிட்டு, இன்னொரு முறை கையை நீட்டினாள். திருப்பாலைவனத்தில் ‘காந்தா ஸ்பெஷல்’ என்று லேபிள் ஒட்டி விற்கிற ஊறுகாயும் இதுவும் ஒரே ருசி என்பதை அவள் நாக்கு கண்டுபிடித்துவிட்டது.

“அப்ப இதைச் செய்யறது நீங்களாம்மா?” என்று கேட்டாள். அடையாறில் அவளுக்கு ஒரு கடை இருக்கிறது. “உங்க வெப்சைட் லிங்க் அனுப்புங்க. என் பார்ட்னர் பார்க்கணும். அவருக்குப் பிடிச்சா கடையில வச்சிடலாம்.”

“ஞாயித்துக்கிழம சாயங்காலத்துக்குள்ள அனுப்பறேன்” என்று வசந்தா சொல்லிவிட்டாள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை.

“வெப்சைட்னா கருவாடு இல்லம்மா, ரெண்டு வெயில்ல காஞ்சிடும்னு சொல்றதுக்கு” என்றாள் சந்தியா. பொன்னேரிக் கல்லூரியில் பி.காம். இரண்டாம் வருஷம் படிக்கிற மகள். வீட்டில் கம்ப்யூட்டரைப் பற்றி அறிந்தவள் அவள் ஒருத்திதான். அவள் அறிந்ததும் கொஞ்சம்தான்.

“செய்வியா மாட்டியா?”

“செய்யறேன். ஆனா நைனா பக்கத்துல வரக் கூடாது.”

அது நடக்காத காரியம். வாடைக் காற்று தூக்கியடித்ததால் அன்று யாரும் போட்டைக் கடலில் இறக்கவில்லை. வேலையில்லாத வசந்தாவின் புருஷன் சின்னப்பன் பல்லைக் குத்திக்கொண்டு, மகளுக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

வீட்டுக்குள் டவர் வரும், போகும். லைட்ஹவுஸ் மதிலை ஒட்டி, காயப் போட்ட வலைக் குவியலின் மேல் மூவரும் உட்கார்ந்தார்கள். சந்தியா போனைத் தட்டிக்கொண்டே விளக்கினாள்.

“வெப்சைட்டு செய்யறது ஒரு வேல. அத வைக்கறதுக்கு எடம் புடிக்கறது இன்னொரு வேல. எடத்துக்கு மாசாமாசம் வாடக கேப்பாங்க. ஓசிலயும் சில பேரு குடுக்கறாங்க.”

“ஓசில எவன் எடம் குடுக்கறான்?” சின்னப்பனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. “இந்தக் கரையில படகை ஒரு மொழம் நவுத்தி வச்சா, ஊரே கூடி நிக்குது. முகம் தெரியாத நம்மளுக்கு அவன் இன்னாத்துக்குக் குடுக்கறான்?”

“நைனா, இது கரை இல்ல.”

“எடம்னா எல்லாம் எடம்தான்.”

முதலில் அகப்பட்ட இடம் பார்க்கப் பளபளவென்று இருந்தது. ‘முற்றிலும் இலவசம்’ என்று பெரிய எழுத்து. சந்தியா பெயரைப் போட்டாள், ஊரைப் போட்டாள், ஊறுகாய் என்று போட்டாள். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு கடைசியில் அது பேங்க் கார்டு நம்பர் கேட்டது.

“இலவசம்னானே?” என்றாள் வசந்தா.

“மொத மாசம் இலவசம். அப்பறம் நாம வேணாம்னு சொல்லலைன்னா அவங்களே அக்கவுண்ட்லேந்து...”

சின்னப்பன் பாய்ந்து போனைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். “எடம் ஓசி, பீரோ சாவி மட்டும் குடுன்றானா? நல்லா கீது கதை!”

“கார்டு நான் போடவே இல்ல நைனா. போனக் குடு.”

“ஆஃப் பண்ணிட்டுத் தரேன். எட்டிப் பாத்துகினு இருப்பான்.”

இரண்டாவது இடம் கார்டு கேட்கவில்லை. படத்தை விரலால் இழுத்து வேண்டிய இடத்தில் விட்டால் போதும், தானே ஒட்டிக்கொண்டது. சந்தியாவுக்குக் குஷி பிறந்துவிட்டது. இறால் ஊறுகாய், நண்டுத் தொக்கு, நெத்திலிக் கருவாட்டுப் பொடி என்று ஜாடிகளை வரிசையாக மதில்மேல் வைத்துப் படம் எடுத்தாள். ஒரு காகம் நெத்திலிப் பொடியை ஆராய வந்தது. அதை விரட்டுவதில் ஒரு மூடி கடல் பக்கம் உருண்டு போனது.

“அம்மா, உன் போட்டோ வேணும். செய்யறவங்க யாருன்னு பாப்பாங்க.”

வசந்தா வீட்டுக்குப் போய் மாம்பழக் கலர் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். பின்னாலேயே சின்னப்பனும் தலைக்கு எண்ணெய் வைத்து, படிய வாரி, வெள்ளைச் சட்டையோடு வந்து பக்கத்தில் நின்றார். சந்தியா இருவரையும் எடுத்தாள். வெப்சைட்டில் ஏற்றும்போது தகப்பனாரை வெட்டிவிட்டாள். வசந்தாவின் தோளில் யாருடையதோ ஒரு கை மட்டும் மிச்சமிருந்தது.

மத்தியானச் சோற்றுக்கு முன்னால் வேலை முடிந்தது. போனைக் கையில் வாங்கி வசந்தா பார்த்தாள். மேலே, ‘வசந்தாவின் கடல் ருசி’ என்று சிவப்பு எழுத்து. அதன் கீழ் தன் முகம். ஜாடியில் ஒட்டியிருந்த லேபிளில் இதுவரை ஒருமுறைகூட வராத பெயர் அது. அவள் விரலால் அந்த எழுத்தைத் தொட்டாள். தொட்டதும் பக்கம் நகர்ந்து எங்கேயோ போய்விட்டது. “ஐயோ, ஒடச்சிட்டேன்” என்று பதறினாள்.

“ஒடையாதும்மா. சாப்ட்டு வந்து, ஒரு தடவ எல்லாம் படிச்சிப் பாத்துட்டு அந்த மேடத்துக்கு அனுப்பலாம்.”

சந்தியா கை கழுவப் போன நேரத்தில் சின்னப்பன் அவள் போனிலிருந்து அந்த லிங்க்கைத் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டு, குப்பத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். ‘என் ஒய்ஃப் வெப்சைட். அனைவரும் பார்க்கவும்’ என்று கீழே ஒரு வரி. பெருமையில் செய்ததுதான். அதில் வேறு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை.

சோறு பாதி இறங்குவதற்குள் பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மா வந்தாள். கையில் ஒரு பிடி துத்தி இலை.

“வெங்காயத்தோட வதக்கிக் குடு வசந்தா. ஒரு வாரத்துல அடங்கிடும். வெளிய சொல்றதுக்கு வெட்கப்படாம போட்டியே, அதுதான் நல்லது.”

“இன்னா அடங்கும்?”

“மூலம்தான்.” கோவிந்தம்மா குரலைத் தாழ்த்தினாள். “யாருக்கு? இவருக்கா?”

சின்னப்பனுக்குப் புரை ஏறியது.

கோவிந்தம்மா தன் போனைக் காட்டினாள். வசந்தாவின் கடல் ருசி அழகாகத் திறந்தது. ‘எங்கள் இறால் ஊறுகாய், காரசாரமானது’ என்ற வரிக்குக் கீழே ஒரு பெட்டி. அதற்குள் நாற்காலியின் நுனியில் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஓர் ஆள். ‘மூலமா? உட்கார முடியவில்லையா? ஆபரேஷன் இல்லாமல் குணம்!’ நண்டுத் தொக்குக்குக் கீழே இன்னொரு பெட்டி. ‘வயிற்று எரிச்சலுக்கு விடை கொடுங்கள்.’

“நான் போடல!” என்று சந்தியா கத்தினாள். “நான் பாக்கும்போது இதெல்லாம் இல்லவே இல்ல!”

“இன்னும் கீழ தள்ளு” என்றார் சின்னப்பன். தள்ளினாள். மாம்பழக் கலர் புடவையில் சிரிக்கிற வசந்தாவின் படத்துக்குக் கீழே, ரோஜாப் பூக்களுக்கு நடுவில் எழுதியிருந்தது: ‘மறுமணத்துக்கு நல்ல வரன் தேடுகிறீர்களா? இன்றே பதிவு செய்யுங்கள்!’

சின்னப்பன் கையைக் கழுவாமலே எழுந்தார். “எவன்டா அவன்? தோள்மேல என் கை கீது, கண்ணு தெரியல?”

அவர் போன் அடிக்க ஆரம்பித்தது. ஒருவர் மாத்திரை சொன்னார். ஒருவர் கருணைக்கிழங்கு சொன்னார். அரங்கங்குப்பத்திலிருந்து ஒரு பழைய கூட்டாளி அழைத்து, “மனச உட்றாத சின்னப்பா, பேசித் தீத்துக்கலாம், அவசரப்பட்டுப் பிரியாதீங்க” என்றார்.

வசந்தா முதலில் சிரிக்கவில்லை. சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “நல்ல வேள, அந்தப் பொண்ணுக்கு அனுப்பல” என்றாள். பிறகு கோவிந்தம்மா விட்டுப் போன துத்தி இலையைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு முடியும் முன் வாசலில் ஷேர் ஆட்டோ வந்து நின்றது.

இறங்கியது காந்தா. சின்னப்பனின் அக்கா. திருப்பாலைவனம் பஸ் ஸ்டாப் எதிரில் புருஷனோடு மளிகைக் கடை நடத்துகிறவள். வசந்தாவின் ஊறுகாயை இத்தனை வருஷமும் தன் பெயரில் விற்கிறவள். அவளுக்குப் பின்னால், தோளில் பையோடு மகன் ஹரிஷ். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் அம்மா கையால் சாப்பாடு.

“டேய் சின்னப்பா,” காந்தா செருப்பைக் கழற்றும்போதே தொடங்கினாள், “குரூப்புல மூலத்தப் போட்டு மானத்த வாங்கறியா? எங்க கடைக்கு வரவன்லாம் கேக்கறான்டா.”

“அது விளம்பரம்க்கா.”

“தெரியும். எம் புள்ள சொன்னான்.” அவள் வசந்தாவின் பக்கம் திரும்பினாள். “வெப்சைட்டு வைக்கறவ எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா? பேரு வேற உம் பேரு. காந்தா ஸ்பெஷல்னு ஊரே வாங்குது. அந்தப் பேரு எங்க போச்சி?”

வசந்தா எழுந்து நின்றாள். “அண்ணி, செய்யறது நானு.”

“விக்கறது யாரு? மொத மொத நீ ரெண்டு பாட்டில் குடுத்தியே, மீன் ஊறுகாயான்னு எங்க ஊர்ல மூக்கப் பொத்துனாங்க. ஒவ்வொருத்தர் கையிலயும் வச்சி, நக்கிப் பாருங்க நக்கிப் பாருங்கன்னு கெஞ்சி வித்தவ நானு. அது உனுக்குத் தெரியுமா?”

அது வசந்தாவுக்குத் தெரியாது. யாரும் சொன்னதில்லை.

ஹரிஷ் நைசாக நகர்ந்து சந்தியாவின் பக்கத்தில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தான். “நீ எடுத்த இடம் விளம்பரத்துலதான் பொழைக்குது. உனக்கு இடம் சும்மா குடுத்துட்டு, உன் சுவத்துல அவங்க நோட்டீஸ் ஒட்டிக்குவாங்க. நீ வேலை செய்யறப்ப தெரியாது, பாக்கறவங்களுக்குத்தான் தெரியும். கீழ பொடி எழுத்துல போட்டிருந்திருப்பாங்களே?”

“ஒத்துக்கறேன்னு ஒரு பட்டன் இருந்துச்சி. அமுக்கிட்டேன்.”

“படிக்காமலா?”

“நீ படிப்பியா?”

ஹரிஷ் அந்தக் கேள்வியை விட்டுவிட்டான். “வேற ஒரு இடம் இருக்கு. விளம்பரம் கிடையாது, கார்டு கேக்காது. ஆனா இழுத்து ஒட்டறதெல்லாம் அங்க நடக்காது. பக்கத்த நாமளே எழுதி ஏத்தணும். ஆன்லைன்ல காசு வாங்க முடியாது. படம், எழுத்து, போன் நம்பர், அவ்வளவுதான். அட்ரஸ்ல நம்ம பேருக்குப் பின்னால அவங்க பேரும் வாலு மாதிரி தொங்கும்.”

வசந்தா அங்கே வந்து நின்றாள். “தம்பி, நாளைக்கு அவன் எடத்தக் காலி பண்ணுன்னா?”

“பக்கம் நம்மகிட்டயே ஒரு காப்பி இருக்கும் அத்தை. தூக்கிட்டு வேற இடத்துல வச்சிக்கலாம்.”

“சந்தியா கட்டுனதுல?”

“அத அப்படியே பேத்து எடுத்துட்டு வர முடியாது. அங்க கட்டுனது அங்கயே கிடக்க வேண்டியதுதான்.”

“அப்ப இதுவே இருக்கட்டும்” என்றாள் வசந்தா. “வாலு தொங்குனா தொங்கட்டும்.”

“சரி, அக்கவுண்ட் ஆரம்பிக்க ஒரு இமெயில் வேணும். யாரோடது போடறது?”

“உன்னுதப் போடுடா” என்றாள் காந்தா உடனே.

“எம் பொண்ணுது கீதே” என்றார் சின்னப்பன். “இல்ல என்னுது போடு. எனுக்கும் ஒண்ணு கீது, போன் வாங்கறப்ப கடக்காரன் போட்டுக் குடுத்தான்.”

“யாரோடத போட்டா இன்னா?” என்று வசந்தா ஹரிஷைக் கேட்டாள்.

ஹரிஷ் தன் அம்மாவை ஒருமுறை பார்த்தான். “யாரோட இமெயிலோ அவங்கதான் ஓனர் அத்தை. மாத்தறது, அழிக்கறது எல்லாம் அவங்க கையிலதான்.”

காந்தா மகனை முறைத்த முறையில், அடுத்த ஞாயிறு சாப்பாடு கிடைக்குமா என்பது சந்தேகமாகிவிட்டது.

“அப்ப எனுக்கு ஒண்ணு புதுசா செய்” என்றாள் வசந்தா.

வசந்தா என்ற பெயரில் இமெயில் காலி இல்லை. வேறு யாரோ எடுத்திருந்தார்கள். “எந்த ஊரு வசந்தா அவ?” என்று அவள் கோபமாகக் கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. லைட்ஹவுஸ் வசந்தா என்று போட்டுப் பார்த்தார்கள். உலகத்தில் வேறு யாரும் அந்தப் பெயரைக் கேட்டிருக்கவில்லை.

“பாஸ்வேர்டு போடுங்க அத்தை. யாருக்கும் சொல்லாதீங்க.”

வசந்தா லேப்டாப்பை மடியில் வாங்கினாள். எல்லோரையும் பார்த்து, “திரும்புங்க” என்றாள். சந்தியா திரும்பினாள். ஹரிஷ் திரும்பினான். காந்தா முனகிக்கொண்டே திரும்பினாள். சின்னப்பன் மட்டும் அசையவில்லை.

“நானுமா?”

“நீயுந்தான்.”

“கட்டுன புருசங்கிட்டயே மறைக்கறியா? படகு எம் பேர்ல, வூடு எம் பேர்ல, ரேஷன் கார்டுல மொத பேரு எம் பேரு. அதெல்லாம் யாருக்கு? உனுக்குத்தானே?”

“அதே மாரிதான்யா. இது எம் பேர்ல. எல்லாம் உனுக்குத்தான். திரும்பு.”

சின்னப்பன் திரும்பிக் கடலைப் பார்த்து உட்கார்ந்தார். பின்னால் ஒற்றை விரல் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டும் சத்தம் நெடுநேரம் கேட்டது.

பக்கத்தை ஹரிஷ் எழுத, படங்களைச் சந்தியா எடுத்துக் கொடுக்க, வெயில் சாய்வதற்குள் புது இடத்தில் எல்லாம் ஏறிவிட்டது. பழைய பக்கத்தைச் சந்தியா அடியோடு அழித்தாள். இந்த முறை கோவிந்தம்மாவின் போன், ஷேர் ஆட்டோக்காரர் போன் என்று மாற்றி மாற்றித் திறந்து பார்த்தார்கள். மூலமும் இல்லை, மறுமணமும் இல்லை. சின்னப்பன் கேட்டுக்கொண்டதற்கிணங்க அவர் முழு உருவமும் படத்தில் சேர்க்கப்பட்டது.

“போன் நம்பர் மட்டும் பாக்கி” என்றாள் சந்தியா. “எது போடறது? உன்னுது இல்லையேம்மா.”

வசந்தாவின் பட்டன் போன் இறால் அலசுகிற தொட்டியில் விழுந்து, பொன்னேரியில் ரிப்பேருக்குப் போயிருந்தது. சின்னப்பன் கடலுக்குப் போய் முகத்துவாரம் தாண்டினால் அவர் போனில் டவர் செத்துவிடும். சந்தியா கல்லூரியில் போனை எடுக்க முடியாது.

“என்னுதப் போடுங்க” என்றாள் காந்தா. “நான் கடையிலதான் உக்காந்துகினு கீறேன். எப்ப அடிச்சாலும் எடுப்பேன்.”

ஹரிஷ் லேப்டாப்பின் ஓரத்தைத் துடைத்தான். சந்தியா அம்மாவைப் பார்த்து, வேண்டாம் என்று கண்ணால் சொன்னாள்.

வசந்தா காந்தாவைப் பார்த்தாள். மூக்கைப் பொத்திய ஊர்க்காரர்களிடம் ஊறுகாயை நீட்டிக்கொண்டு அவள் நின்றிருக்கக்கூடிய கோலத்தை நினைத்துப் பார்த்தாள். அதைச் செய்ய வசந்தாவுக்குத் தைரியம் வந்திருக்காது.

“போடு” என்றாள். “அண்ணி நம்பரப் போடு. எம் போன் வந்ததும் மாத்திக்கலாம்.”

“அம்மா...”

“போடு சந்தியா.”

காந்தா இதை எதிர்பார்க்கவில்லை. அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். அவிழாத முந்தானையை இன்னொரு முறை இழுத்துச் செருகினாள்.

லிங்க்கை நிவேதாவுக்கு வசந்தாவே அனுப்பினாள், சந்தியாவின் போனிலிருந்து. பொழுது இறங்கும்போது பதில் வந்தது. ‘ரொம்ப அழகா இருக்கும்மா. பார்ட்னருக்கு அனுப்பிட்டேன். அவரே பேசுவார்.’ சின்னப்பன் அதை மூன்று பேருக்குப் படித்துக் காட்டினார். குரூப்பில் மட்டும் போடவில்லை.

காந்தாவும் ஹரிஷும் பழவேற்காடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்து பஸ் ஏறினார்கள். கூட்டம் இல்லை. காந்தா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வசந்தா கொடுத்தனுப்பிய நண்டுத் தொக்கு மடியில் இருந்தது. ஹரிஷ் முன் சீட்டில் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினான். இத்தனை வருஷம் தன் பெயரைக் கேட்டு வாங்கிய ஜனங்களை நினைத்துக்கொண்டாள் காந்தா. இனிமேல் அவர்கள் கடைக்கு வந்து யார் பெயரைச் சொல்வார்கள்?

பஸ் திருப்பாலைவனம் சாலையில் திரும்பியபோது போன் அடித்தது. தெரியாத நம்பர்.

“வணக்கம்மா. அடையாறு கடையிலிருந்து விமல் பேசறேன், நிவேதாவோட பார்ட்னர். வெப்சைட்டைப் பார்த்தேன். நிவேதா கொண்டுவந்த ஊறுகாயை ருசியும் பார்த்துட்டேன். செய்யறவங்ககிட்ட நேரா பேசணும்னு கூப்பிட்டேன். பேசறது வசந்தா அம்மாதானுங்களே?”

காந்தா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். நெல் வயலெல்லாம் இருட்டிக்கொண்டு வந்தது. தொக்கு பாட்டிலை ஒரு கையால் இறுக்கிப் பிடித்தாள்.

“ஆமா,” என்றாள். “சொல்லுங்க.”

முன் சீட்டில் ஹரிஷ் மெல்ல ஒரு காதிலிருந்து இயர்போனைக் கழற்றினான்.